எஞ்சினைத் தொட வேண்டாம், முதல் 60 அடியைப் பழகுங்கள்

கேள்வி:

அண்ணா, எனக்கு 24 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். மாமா பாவித்த 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஈ.கே.3 இப்போது என் கையில். 1500 சீசீ, மனுவல் கியர். அடுத்த மாதம் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த விமான ஓடுபாதையில் ஒரு கார்க் கழகம் டிராக் ரேஸ் (நேர்கோட்டில் இரண்டிரண்டு கார்களாக ஓடும் பந்தயம்) நாள் வைக்கிறது. பெரிய போட்டி இல்லை. வீட்டில் ஓடும் காரை யாரும் கொண்டுவரலாம், ஆறுதலாக ஓடிப் பார்க்கலாம் என்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் போக இருக்கிறோம். என்னிடம் 150,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. சைலன்சரை மாற்று, கோன் ஃபில்டர் போடு, பின் சீட்டைக் கழற்று, 95 பெற்றோல் அடி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழகுவதற்கு இரவில் நிலாவெளி வீதிக்கோ விடியற்காலையில் கிண்ணியாப் பாலத்துக்கோ போகலாம் என்றும் ஒரு பேச்சு. அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அங்கே வருகிற கார்களைப் படத்தில் பார்த்தால் என்னுடையதுதான் கடைசியாக வரும் போலவும் இருக்கிறது. காசை எதில் போடலாம்? போகத்தான் வேண்டுமா?

பதில் (திருகோணமலையில் கராஜ் நடத்துபவர், கழக ரேஸ் நாட்களில் வாகனப் பரிசோதகர்):

தம்பி, போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் அந்த 150,000 ரூபாயில் ஒரு சதம்கூட எஞ்சினின் வேகத்துக்காகச் செலவழிக்க வேண்டாம்.

முதன்முதலாகக் கோட்டில் நிற்பவர் நேரத்தை இழப்பது கிளச்சை விடுகிற காலில்தான். கார் நகரத் தொடங்கி முதல் 60 அடி, அதாவது 18 மீற்றருக்குக் கொஞ்சம் மேல், அதற்குள் என்ன நடக்கிறதோ அதுதான் மிச்ச ஓட்டத்தைத் தீர்மானிக்கும். அதைப் பழகக் காசே தேவையில்லை. காசு போட வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நிலாவெளி வீதி, கிண்ணியாப் பாலம் என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். டிராக் ரேஸின் முழுத் தூரமான கால் மைல் 402 மீற்றர். கணக்குப் பொருந்துகிறது என்றுதான் பொடியன்களுக்கு ஆசை வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 402 மீற்றர் முடியும் இடத்தில் உங்கள் சிவிக் மணிக்கு 125, 130 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்திலிருந்து முழுப் பிரேக்கில் நிற்கவே 80, 90 மீற்றர் வேண்டும். அதுவும் நல்ல டயர், காய்ந்த தார், பிரேக்கில் தயாராக இருக்கிற கால் என்றால். ஆறுதலாக மெதுவாக்கி நிறுத்த இரண்டு மூன்று மடங்கு தூரம் போகும். ஓடுபாதையில் முடிவுக் கோட்டுக்கு அப்பால் அதற்கான வெறும் நிலம் இருக்கிறது. பாலத்துக்கு அப்பால் இருப்பது ஊர். 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித் தண்ணீரைக் கடந்த சனம் அது. விடியற்காலையில் தொழுகைக்கும் தொழிலுக்கும் அந்தப் பாலத்தால் நடந்தும் சைக்கிளிலும் போகிறது.

நிலாவெளி வீதியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரவில் மாடு தாரில் படுத்திருக்கும், லைட் இல்லாத சைக்கிள் வரும், வீதியோரத்தில் மணல் கிடக்கும். இந்த வீதிகளில் நசுங்கிய வாகனங்கள் என் கராஜுக்கு வருகின்றன. தகரத்தை நிமிர்த்திக் கொடுப்பேன். கூட வந்து நிற்கிற தாய் தகப்பனுக்கு என்ன சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பொது வீதியில் பந்தயம் ஓடுவது சட்டப்படி குற்றம் என்பதும், அடிபட்டால் காப்புறுதி கைகொடுக்காது என்பதும் அதற்குப் பிறகு வருகிற விஷயங்கள்.

டிராக் ரேஸ் ஓர் ஒழுங்கான விளையாட்டாக வளர்ந்ததே இதே பிரச்சினையால்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இளைஞர்கள் தெருக்களில் ஓட்டி அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ஒரு விமான ஓடுபாதையில் அவர்களை ஒழுங்காக ஓட விட்டார்கள். அடுத்த ஆண்டு வொலி பார்க்ஸ் என்பவர் என்.எச்.ஆர்.ஏ என்ற தேசிய சங்கத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்கக் கழகங்கள் பின்பற்றுகிற பாதுகாப்பு விதிகளில் பல அங்கிருந்து வந்தவை. நமது சீனக்குடாவைப் போலவே கட்டுக்குருந்தவும் பிரித்தானியர் காலத்து ஓடுபாதை. நேராக, தட்டையாக, குறுக்கே யாரும் வராத இடமாக அது இருக்கும்போது நமக்குப் பாலம் எதற்கு?

சரி, கடைசியாக வந்துவிடுவேன் என்கிற பயத்துக்கு வருவோம். அது எவ்வளவு தேவையில்லாத பயம் என்று புரிய, கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

கோட்டில் தரைக்குச் சற்று மேலே இரண்டு ஒளிக்கதிர்கள் குறுக்கே போகும். முன் சக்கரம் முதல் கதிரை மறைத்ததும், கிறிஸ்மஸ் மரம் என்று சொல்லப்படும் கம்பத்தின் உச்சியில் ஒரு சின்ன லைட் எரியும். இன்னும் ஏழு அங்குலம் அளவு உருண்டால் இரண்டாவது லைட். இரண்டு காரும் அப்படி நின்றதும் மூன்று மஞ்சள் லைட்டுகள் அரைச் செக்கன் இடைவெளியில் மேலிருந்து கீழே எரியும், பிறகு பச்சை. பச்சைக்கு முன் வெளிக்கிட்டால் சிவப்பு, அந்த ஓட்டம் போச்சு. உங்கள் ஓட்ட நேரம் பச்சை எரிந்ததிலிருந்து எண்ணப்படுவதில்லை. உங்கள் சக்கரம் இரண்டாவது கதிரை விட்டு விலகும்போதுதான் அந்தக் கடிகாரம் தொடங்கும். பச்சைக்கும் நீங்கள் அசைந்ததற்கும் இடையில் போன நேரம், ஓட்டம் முடிந்ததும் தருகிற நேரச் சீட்டில் தனியாக எழுதப்படும். ஆகவே நேரம் பார்க்க மட்டும் ஓடுகிற காலை ஓட்டங்களில் பச்சையைக் கண்டு பதறவே வேண்டாம். மூச்சு விட்டு, தயாரானதும் வெளிக்கிடுங்கள். உங்கள் நேரம் ஒரு துளியும் கெடாது.

பிறகு இரண்டிரண்டு பேராக ஓட விடும்போது பெரும்பாலான கழகங்கள் டயல் இன் முறையை வைக்கும். உங்கள் கார் எத்தனை செக்கனில் ஓடும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லி, கண்ணாடியில் எழுத வேண்டும். நீங்கள் 17.20 என்று எழுதுகிறீர்கள், பக்கத்தில் நிற்கிற டர்போ கார் 15.80 என்று எழுதுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 1.40 செக்கன். உங்களுக்குப் பச்சை எரிந்து 1.40 செக்கன் கழித்துத்தான் அவருக்கு எரியும். நீங்கள் பச்சைக்கு 0.20 செக்கன் பிந்தி வெளிக்கிட்டு 17.25இல் ஓடி முடிக்கிறீர்கள், மொத்தம் 17.45. அவர் தன் பச்சைக்கு அரைச் செக்கன் பிந்தி வெளிக்கிட்டு 15.82 ஓடுகிறார், உங்கள் பச்சையிலிருந்து பார்த்தால் 1.40, 0.50, 15.82, ஆக 17.72. உங்கள் மாமாவின் சிவிக் கால் செக்கனுக்கு மேல் முன்னால் வந்துவிட்டது. அவரிடம் எத்தனை குதிரைவலு இருந்தும் பயனில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். அதைப் பிரேக் அவுட் என்பார்கள். காரைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றக் கூடாது என்பதற்கான விதி அது. அதனால் இந்த விளையாட்டில் ஜெயிப்பது ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப ஓடக்கூடிய கார். தன் காரை அறிந்த சாரதி. எஞ்சினில் ஒன்றும் செய்யாத பழைய ஜப்பான் கார் அதற்கு மிகப் பொருத்தமானது. நேற்றுப் பூட்டிய பாகங்களோடு வருகிற கார் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு நேரம் காட்டும். அந்தச் சாரதிக்குத் தன் கண்ணாடியில் என்ன எழுதுவதென்றே தெரியாது.

சின்னச் சந்திப்புகளில் மரம் இல்லாமல் கொடி அசைத்து விடுவதும் உண்டு. தூரமும் எட்டில் ஒரு மைலாக, 201 மீற்றராக, இருக்கலாம். கழகத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி அந்த 60 அடி. டிராக் ரேஸ்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: முதல் 60 அடியில் பத்தில் ஒரு செக்கன் மிச்சம் பிடித்தால், கால் மைல் முடிவில் ஒன்றரை, இரண்டு மடங்காக அது திரும்பி வரும். ஆரம்பத்தில் கிடைத்த வேகத்தை ஓட்டம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள், அதுதான் காரணம். கோன் ஃபில்டரும் சைலன்சரும் சேர்ந்து தருவதைவிடப் பெரிய லாபம் உங்கள் இடது காலில் இருக்கிறது.

உங்கள் கார் முன் சக்கரம் இழுக்கிற கார். வெளிக்கிடும்போது பாரம் பின்னுக்குப் போய் முன் பக்கம் இலேசாகும். இழுக்க வேண்டிய சக்கரத்துக்கே பிடிமானம் குறைகிற நேரம் அது. அப்போது எஞ்சினை அலற விட்டுக் கிளச்சைச் சட்டென்று விட்டால் டயர் சுற்றும், புகை வரும், பார்ப்பவர்கள் விசிலடிப்பார்கள், கார் மட்டும் போகாது. முதல் ஓட்டத்தில் எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றில் வைத்து, சந்தியில் வெளிக்கிடுவதைவிடக் கொஞ்சம் உசாராக மட்டும் வெளிக்கிடுங்கள். நேரச் சீட்டில் 60 அடி நேரத்தைப் பாருங்கள். உங்கள் காருக்கு இரண்டரைச் செக்கன் அளவில் வந்தால் முதல் நாளுக்கு அது நல்ல தொடக்கம். அடுத்த ஓட்டத்தில் 2,500 சுற்று. அதற்கடுத்து 3,000. ஏதோ ஒரு இடத்தில் நேரம் குறைவது நின்று கூடத் தொடங்கும். டயர் சுற்றத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு படி கீழே வந்து அங்கேயே நில்லுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுற்றையும் காற்றழுத்தத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் சொல்ல முடியாது.

கிளச்சை எப்படி விடுவது? கார் நகரத் துடிக்கும் புள்ளிவரை சீக்கிரமாக, அங்கிருந்து ஒரு கணம் இழுத்துப் பிடித்து, பிறகு முழுக்க. அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மூளைக்குத் தெரிந்தால் போதாது. இதைப் பழக வீதி வேண்டாம். வீட்டு வளவுக்குள், ஆள் நடக்கிற வேகத்தில், அக்சிலரேட்டரைத் தொடாமல் கிளச்சால் மட்டும் காரை நகர்த்தி நிறுத்திப் பழகுங்கள். ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடம் போதும். ரேஸ் நாளில் செருப்போடு ஓட விடமாட்டார்கள், ஆகவே அன்றைக்குப் போடப்போகிற சப்பாத்தோடேயே பழகுங்கள்.

வெளிக்கிடும்போது முன் பக்கம் தடதடவென்று துள்ளினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். ட்ரைவ் ஷாஃப்ட் உடைவதும் எஞ்சின் மவுண்ட் கிழிவதும் அந்தத் துள்ளலில்தான். கியர் மாற்றும்போது அவசரம் வேண்டாம். மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டிய கை இரண்டுக்குப் போனால் எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுற்றி வால்வு வளைந்துவிடும். கால் செக்கனைப் பிடிக்கப் போய் எஞ்சினைக் கொடுக்கக் கூடாது.

பெரிய ரேஸ் கார்கள் கோட்டுக்கு முன்னால் தண்ணீரில் சக்கரத்தைச் சுற்றிப் புகை கிளப்பி டயரைச் சூடாக்கும். அதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். அது அவர்களுடைய டயருக்கு. சாதாரண டயரின் பள்ளங்களில் தண்ணீர் தங்கி, கோட்டில் வந்து நிற்கும்போது உங்கள் சக்கரத்தடியிலேயே வடியும். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய்க் கோட்டில் நில்லுங்கள்.

காசுக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஜப்பான் கார் ஒவ்வொன்றும் குடும்பச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. 2025இல் மீண்டும் திறந்த பிறகும் ஒரு நல்ல ஈ.கே.3ஐ இன்னொரு முறை வாங்குவது உங்கள் வயதில் இலகுவான காரியம் இல்லை. இந்தக் கார்தான் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போய், ஓடி, மறுபடியும் அதே தூரம் உங்களை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே அதை உடையாமல் வைத்திருப்பதற்குச் செலவழியுங்கள்.

முதல் செலவு டைமிங் பெல்ட். மாமா எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சினில் அந்தப் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அதோடு தண்ணீர்ப் பம்பையும் பார்த்து மாற்றிவிட்டால் ஒரே கூலியில் இரண்டு வேலை முடியும்.

இரண்டாவது பிரேக். உப்புவெளியில் நிற்கிற கார் என்பதால் இதில் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன். கடற்காற்றில் துரு முதலில் பிடிக்கிற இடம் காரின் கீழ்ப்பக்கம். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஜக்கில் ஏற்றிப் பார்த்தால் பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய் செதில் செதிலாக உரிந்திருக்கும். தினசரி ஓட்டத்தில் நாம் பிரேக்கை அரைவாசிதான் மிதிக்கிறோம். அந்தக் குழாய் தாக்குப் பிடிக்கும். 130 கிலோமீற்றர் வேகத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கிற நாள்தான் அதற்குச் சோதனை. குழாய்கள், லோவர் ஆர்ம், போல் ஜொயின்ற், ட்ரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறைகள், ஆசனப்பட்டி பூட்டியிருக்கிற போல்ட், எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்தால் மிதி பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு மேலான எண்ணெய் என்றால் முழுதாக மாற்றுங்கள். பாட் தேய்ந்திருந்தால் அதையும்.

மூன்றாவது டயர். ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஐந்தாறு வருடம் நின்ற டயர் இறுகிப்போயிருக்கும், பிடிக்காது, வெடிக்கவும் கூடும். நான்கையும் மாற்றக் காசு போதாவிட்டால் முன்னால் இரண்டு புதிது போடுங்கள். ஆனால் பின்னால் இருப்பவையும் வெடிப்பில்லாமல் இருக்க வேண்டும். பரிசோதனையில் நான் ஒரு காரைத் திருப்பி அனுப்புகிறேன் என்றால் அநேகமாக டயர், ஆடுகிற பற்றரி, ஒழுகுகிற எண்ணெய் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். என்னிடம் வருகிற சாரதிகளில் பலர் போனட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். நான் குனிந்து கீழே பார்ப்பேன்.

நல்ல ஹெல்மெட் ஒன்றும் வேண்டும். என்.எச்.ஆர்.ஏ விதியில் கால் மைலை 13.99 செக்கனிலோ அதைவிட வேகமாகவோ ஓடுகிற கார்களுக்குத்தான் அது கட்டாயம். உங்கள் கார் அதற்குப் பக்கத்திலும் வராது. என்றாலும் கழகம் எல்லோரிடமும் கேட்கலாம், கேட்காவிட்டாலும் போடுங்கள். கழகம் எந்த வகையை ஏற்கும் என்று விசாரித்த பிறகு வாங்குங்கள்.

நண்பர்கள் சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோன் ஃபில்டர் போனட்டுக்குள் இருக்கிற சூடான காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 24 பாகையில் இருக்கிற காற்றைவிட 35 பாகையில் இருக்கிற காற்றில் 3, 4 சதவீதம் குறைவாகத்தான் பிராணவாயு இருக்கும், எஞ்சினின் இழுவையும் அந்த அளவு குறையும். கச்சான் வீசுகிற மாதங்களில் மத்தியானத்தில் கார் சோர்ந்து போவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். ஹொண்டாக்காரன் வெளிக்காற்றை எடுக்க வைத்த குழாயைக் கழற்றிவிட்டு அதே சோர்வைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 95 பெற்றோலால் உங்கள் எஞ்சினுக்கு ஒன்றும் கிடைக்காது, 92 போதும். சைலன்சர் சத்தத்தைத்தான் கூட்டும். திரும்பி வரும்போது வழியில் பொலிஸ் மறித்தால் அதுவும் ஒரு செலவு. பின் சீட்டைக் கழற்ற வேண்டாம். 45 கிலோ குறைத்தால் பத்தில் ஒரு செக்கன் என்பது பொதுவான கணக்கு. ஸ்பெயர் டயர், ஜக், டிக்கியில் கிடக்கிற சாமான்கள் எல்லாவற்றையும் அங்கே போய் இறக்கி வைத்தாலே அதில் ஒரு பங்கு வந்துவிடும். இன்னொன்று, எஞ்சின் சூடாகாமல் இருக்கத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் பக்கத்தில் அது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் பெற்றோலும் கூடப் போகும், தேய்மானமும் கூடும்.

அன்றைக்கு ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கோட்டுக்குப் போங்கள். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கோட்டை ஈரமாக்கும், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதில் வழுக்குவார். சீட்டுக்கு அடியில் தண்ணீர்ப் போத்தல் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரேக் மிதிக்கு அடியில் அது உருண்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முன் டயரில் 3, 4 இறாத்தல் காற்றைக் குறைக்கலாம், 26க்குக் கீழே போக வேண்டாம். பின்னால் அதே அளவு கூட்டலாம். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் போனட்டைத் திறந்து வைத்து ஆற விடுங்கள். காலையில் வந்த நேரம் மத்தியானத்தில் வராது. சூடு ஏறும்போது டயல் இன் நேரத்தையும் கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும், நிறையப் பேர் தோற்பது இதை மறப்பதால்தான். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பிரேக்கில் ஏறி நிற்காமல் நேராகப் போய் மெதுவாக்கி, பக்கத்துக் கார் எங்கே என்று பார்த்த பிறகு திரும்புங்கள்.

அம்மாவைப் பற்றி. அவருடைய பயம் நியாயமானது. உங்கள் ஊரில் ரேஸ் என்ற சொல்லை அவர் கேட்டிருப்பதெல்லாம் வீதி விபத்தோடு சேர்த்துத்தான். அவரிடம் மறைத்துப் போகாதீர்கள். பிரேக் வேலை செய்கிற நாளில் கராஜுக்குக் கூட்டிவாருங்கள், என்ன மாற்றுகிறோம் என்று பார்க்கட்டும். இப்படியான கழக நாட்களுக்குக் குடும்பமாகப் போவது வழக்கம்தான். முடிந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். அதற்கு முன் கழகத்திடம் சில கேள்விகளைக் கேட்டு, பதிலை அவருக்கும் சொல்லுங்கள். அம்புலன்ஸ் நிற்குமா? தீயணைப்புக் கருவியோடு ஆள் இருக்குமா? பார்ப்பவர்கள் ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பார்கள்? வாகனப் பரிசோதனை உண்டா? இலங்கை ஓட்டோமொபைல் ஸ்போர்ட்ஸ் அமைப்பின் அனுமதி எடுத்திருக்கிறார்களா? அம்புலன்ஸ் இல்லை என்றால், அங்கே போன பிறகு தெரியவந்தாலும், ஓடாமல் பார்த்துவிட்டு வாருங்கள். நான்கு பேர் எண்ணெய் அடித்து இவ்வளவு தூரம் வந்தோமே என்று யோசிக்க வேண்டாம். காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து வாசியுங்கள். பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாகப் பாதுகாப்பு இராது. அந்த ஆபத்தை ஏற்கத் தயாரா என்று வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன்பே முடிவெடுங்கள்.

அன்றிரவே திரும்ப வேண்டாம். வெயிலில் நாள் முழுக்க நின்ற உடம்பு களைத்திருக்கும். ஹபரணையைத் தாண்டிக் கந்தளாய் வரும்வரை இரவில் யானை வீதிக்கு வருகிற பகுதி. களுத்துறைப் பக்கம் தங்கி, காலையில் டயர் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றி, எண்ணெய், தண்ணீர் பார்த்து, சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கி, ஸ்பெயர் டயரையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

நான்கு பேருக்கும் ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணி, டயர் காற்று, வெளிக்கிட்ட சுற்று, 60 அடி நேரம், முழு நேரம், கடைசி வேகம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். நேரச் சீட்டுகளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். 60 அடி நேரத்தையும் கடைசி வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் காலா, டயரா, எஞ்சினா, எதில் குறை என்று சொல்லிவிடலாம். மிச்சமிருக்கிற காசை அதுவரை தொடாதீர்கள்.